அண்ணன் ஊற்றிய பெட்ரோல்

அண்ணன் காய்ச்சலில் இறந்த பிறகு, அவனுடைய களை வெட்டும் மெஷினை நான் யாரையும் தொடவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி வைத்திருந்தான். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பல மாதம் கழித்து, மழைக்குப் பிறகு எனக்கு முதல் களை வெட்டும் வேலை வந்தது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம், ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைத் துடைத்துப் போட்டும் பயனில்லை. ஆமத்தூர் மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“ஏலே, இது பெட்ரோலா, கசாயமா? கெட்டுப்போய்க் கார்புரேட்டரை அடைச்சிருக்கு. கீழ ஊத்து.”

“வேணாம்ணே. எங்கண்ணன் கடைசியா ஊத்துனது.”

அவர் குரல் இறங்கிவிட்டது. “ஒரு பாட்டில்ல புடிச்சுத் தாரேன், வீட்டுல வச்சுக்கோ.”

“வீடு பூரா அம்மா ஒட்டுற தீப்பெட்டிண்ணே. பெட்ரோலை எங்கன வைக்க?”

நானே டேங்கைக் கவிழ்த்தேன். அவர் கார்புரேட்டரைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றியதும், இரண்டாவது இழுப்பிலேயே இன்ஜின் ஓடியது.

அண்ணன் அதை வேலைக்காகத்தான் ஊற்றினான். அப்பப்போ எடுத்து ஓட்டியிருந்தால், யாரோ ஒருவருடைய புஞ்சையில் களை வெட்டியே அது தீர்ந்திருக்கும். பத்திரமாக வைக்கிறேன் என்று வைத்திருந்து, கடைசியில் மண்ணில் கொட்டியது நான்தான்.