ஒரே பெட்டி நசுக்கிய இரண்டு கைகள்

செவிலிமேட்டில் ஒரு கிடங்கில் நானும் என் தெருக்காரன் ஒருவனும் சுமை இறக்கினோம். ஒருநாள் லாரியிலிருந்து இறக்கும்போது இரும்புப் பெட்டி சரிந்து இருவர் கையையும் நசுக்கியது. அவனுக்கு ஒரு விரல் போனது, எனக்கு இரண்டு.

அவன் நிரந்தரத் தொழிலாளி. இ.எஸ்.ஐ. அட்டை இருந்ததால் ஆபரேஷன், மருந்து, விடுப்புச் சம்பளம் எல்லாம் கிடைத்தன. தினக்கூலியான என்னை மேஸ்திரி அரசு ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார். தெருவில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அவன் கை சீழ் பிடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவனே என் வீட்டுக்கு வந்தான்.

"இன்னாபா, சும்மா குந்திக்கினு இருக்குற? கூலி ஆளுக்கும் நஷ்டஈடு இருக்குது. லேபர் ஆபீஸ்ல மனு குடு. நான் சாட்சி சொல்றேன்."

"உன் வேலைக்கு எதுனா ஆயிடப் போவுதுபா."

"ஆனா ஆவட்டும், பாத்துக்கலாம்."

மனு கொடுத்தேன். விசாரணையில், நடந்ததை அப்படியே சொன்னான். எனக்கு நஷ்டஈடு வந்தது. அவனைத் தொலைவிலிருந்த வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நன்றி சொல்லப் போனேன். சிரித்துக்கொண்டே காப்பி வாங்கிக் கொடுத்தான். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.