பித்தளை நீட்டிப்பு

என் தோழி எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன், போட்டிக் கைத்துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் பிடிக்குள் கீழிருந்து செருகப்படும், தோட்டாக்கள் அடுக்கிய உலோக உறைதான் மகசின். நாங்கள் கலந்துகொள்ளும் போட்டி ஓரிடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கும் விளையாட்டு அல்ல. மரத் தட்டிகளுக்கு இடையே நகர்ந்து நகர்ந்து கடதாசி இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். நேரமும் கணக்கு. மகசின் தீர்ந்தால் நடந்தபடியே கழற்றி வேறொன்றைச் செருக வேண்டும், அதில் நேரம் போகும். அதனால் மகசினின் அடியில் ஒரு நீட்டிப்பைப் பூட்டிக்கொள்வோம். ஒன்றிரண்டு தோட்டா கூடுதலாகப் பிடிக்கும். சட்டம் அதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது, போட்டி விதி இன்னொரு எல்லை. நாங்கள் சுடும் பிரிவில், மகசின் செருகிய துப்பாக்கி ஓர் அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மூடி மூடினால் சரி. மூடாவிட்டால் அந்தப் பிரிவில் இடமில்லை.

நான் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் பஸ் ஓட்டுகிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். யாழ்ப்பாணத்திலிருந்து சிறுபிள்ளையாக இங்கே வந்தவள். என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் என் அண்ணை. அவருடைய காலில் இன்னும் ஷெல் துண்டுகள் இருக்கின்றன. வருடப் பிறப்புக்கு இந்த ஊர் வெடி கொளுத்தும்போது அவர் நிலவறையில் போய் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருப்பார். அப்படிப்பட்டவரின் தங்கை துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை.

சேர்ந்தது தற்செயல்தான். என்னோடு பஸ் ஓட்டும் ஒரு ஜெர்மன்காரி, தங்கள் கழகத்தில் எல்லோரும் வந்து பார்க்கும் திறந்த நாள் என்று அழைத்தாள். கேக் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று போனேன். காதுக்கு மூடி போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தர, முதல் தடவை சுட்டேன். பயமில்லாமல் ஒரு துப்பாக்கியைப் பார்த்தது அன்றுதான். அது என் கையில் இருந்ததால் இருக்கலாம். அதன் பிறகு விண்ணப்பம், பயிற்சிக் காலம், பரீட்சை, வீட்டில் இரும்புப் பெட்டி என்று எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது.

தோழி வந்தது அதற்குப் பிறகு. ஒருநாள் பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, காரில் சாய்ந்து நின்று ஒரு பெண் கைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், அதே கழகத்தில் சுடுபவள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அன்றே நான் அவளுக்கு அக்காவானேன். எங்கள் ஊர் வழக்கப்படி, நெருக்கமானவர்களை அழைப்பதுபோல நான் அவளை "நீர்" என்று கூப்பிட்டதும் சிரித்துவிட்டாள்.

"ராஜா காலத்துப் படத்துல பேசுற மாதிரி இருக்குக்கா. ஆனா நல்லாருக்கு, அப்படியே கூப்பிடுங்க."

கழகத்தில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் தமிழில் சிரிப்பதற்கு ஒருத்தி கிடைத்தது வேறு விஷயம். அவள் என் வீட்டுக்கு வருவாள், புட்டும் மீன்குழம்பும் கேட்டுச் சாப்பிடுவாள். அண்ணையைப் பற்றி, அவருடைய காலைப் பற்றி, நாங்கள் வந்த வழியைப் பற்றி நான் யாருக்கும் சொல்லாததெல்லாம் அவளுக்குச் சொன்னேன். நான் இங்கே துப்பாக்கி சுடுவது அண்ணைக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருவரிடமும் ஒரே மாதிரித் துப்பாக்கி. அந்த வருடம் எங்கள் மாநில அணியில் பெண்களுக்கு ஓர் இடம் காலியானது. ஹம்பேர்க் பக்கம் நடக்கும் ஒரு போட்டியில் எங்கள் மாநிலப் பெண்களில் முன்னுக்கு வருபவளுக்கு அந்த இடம். எங்கள் பிரிவில் நாங்கள் இருவரும்தான் ஓரளவு சமமாக இருந்தோம். "யார் போனாலும் நம்ம வீட்டுக்குத்தான்கா," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்காகத்தான் நல்ல நீட்டிப்புகள் தேடினோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் சமையலறை மேசையில் மூன்று வகை மாதிரிகளைப் பரப்பிவைத்திருந்தோம். ஒன்று பிளாஸ்டிக். அதை இருவரும் உடனே தள்ளிவைத்தோம், சீமெந்துத் தரையில் விழுந்தால் பிளந்துவிடும். மற்றது கறுப்பு அலுமினியம். மெல்லியது, பாரமில்லாதது, நீளமும் கொஞ்சம் குறைவு. மூன்றாவது பித்தளை. கையில் எடுத்தால் நல்ல கனம்.

எனக்குக் கறுப்பு பிடித்திருந்தது. அவள் பித்தளையைத் தூக்கிக் காட்டினாள்.

"வெயிட் இருக்குக்கா. ரிலீஸ் பட்டனை அமுக்கினா காலி மகசின் தானா கீழ விழுந்துரும். புதுசை உள்ள அடிக்கும்போதும் உள்ளங்கைக்கு நல்லா கிரிப் கிடைக்கும்."

"கொஞ்சம் நீளமாய்த் தெரியுதே. பெட்டிக்குள்ள அடங்குமோ?"

"செய்யுறவங்களே ஃபிட் ஆகும்னு போட்டிருக்காங்க. நான் வேணும்னா கிளப் பாக்ஸ்ல வெச்சுப் பார்த்துச் சொல்றேன். ரெண்டு பேருக்கும் ஒரே கன்தானே."

இருவருக்கும் பித்தளைதான் என்று முடிவாயிற்று. பார்சல் அவள் வீட்டுக்கு வந்தது. என்னுடையவற்றை அவளே கொண்டுவந்து பூட்டியும் தந்தாள். கழகத்தின் அளவுப் பெட்டியை யாரோ ஒரு போட்டிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், வந்ததும் பார்க்கிறேன் என்றாள். நான் அந்தப் பித்தளையோடு பழகினேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. மகசின் மாற்றும் என் கை முன்பைவிட வேகமாகியது.

போட்டிக்கு முந்திய வாரம் எனக்கு வேலை நேரம் மாறியதால் பயிற்சிக்குப் போக முடியவில்லை. அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"பெட்டி வந்திட்டுதோ? வைச்சுப் பார்த்தனீரோ?"

"பார்த்தாச்சுக்கா. எல்லாம் ஓகே. நீங்க டென்ஷன் ஆகாம ரெஸ்ட் எடுங்க."

போட்டிக்கு என் காரில்தான் போனோம். முதல்நாளே ஹம்பேர்க் போய்ச் சேர்ந்து, பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டோம். ஒரே அறையில் தங்கினோம். காலையில் அவள் என் தலைமயிரை இறுக்கிப் பின்னிவிட்டாள், காது மூடிக்குள் சிக்காமல் இருக்க. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரம் முழுவதும் அவளுக்குத் தெரியும்.

எங்கள் இருவரையும் வேறு வேறு குழுக்களில் போட்டிருந்தார்கள். காலையில் எனக்கு எல்லாம் சரியாகவே போனது. பித்தளை மகசின்கள் ஒவ்வொன்றும் தானாகக் கழன்று விழுந்தன. மத்தியானத்துக்குச் சற்று முன், ஒரு சுற்று முடிந்து வரும்போது நடுவர் எங்கள் குழுவை அளவு மேசைக்கு அழைத்தார். அது வழக்கம்தான். துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டிவிட்டு, வெறும் மகசினைச் செருகிப் பெட்டிக்குள் வைத்தேன்.

மூடி மூடவில்லை.

நடுவர் துப்பாக்கியைக் கொஞ்சம் சரித்துவைத்துப் பார்த்தார். அடுத்த மகசினைப் போடச் சொன்னார், அதற்கும் மூடவில்லை. ஒரு நகத்தின் தடிப்பு இருக்கும், அவ்வளவுதான் வெளியே நின்றது. அவர் மரியாதையான மனிதர். "எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களை இனித் திறந்த பிரிவில்தான் கணக்கெடுக்க முடியும்," என்றார். திறந்த பிரிவில் இருப்பவர்கள் ஒளிப்புள்ளிக் கண்ணாடி பூட்டிய பெரிய துப்பாக்கிகளோடு வருபவர்கள். அங்கே எனக்கு ஒரு இடமும் இல்லை. அணியில் இடம் என்ற கதை அந்த மேசையிலேயே முடிந்தது.

அப்போதும் நான் அவளைத்தான் நினைத்தேன். ஐயோ, அவளுக்கும் இதுதானே நடக்கப் போகிறது, முதலே சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அவளுடைய குழு பின்னால் வரிசையில் நின்றது. அவள் இடுப்புப் பட்டியில் மகசின்கள் வரிசையாக இருந்தன. அடியில் எல்லாம் கறுப்பு.

நான் விரும்பிய அதே கறுப்பு அலுமினியம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவளுடைய முறை வந்தது. அவளுக்குப் பெட்டி மூடியது.

மிச்சச் சுற்றுகளை நான் சுட்டு முடித்தேன். ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு கழகத்தில் கேட்டார்கள். காரை எடுத்துக்கொண்டு நடுவில் கிளம்ப முடியாது, அவளும் என்னோடு வர வேண்டுமே என்பதுதான் உண்மையான காரணம். எங்கள் மாநிலப் பெண்களில் அவள் முதலாவதாக வந்தாள். எல்லோரும் கைதட்டும்போது நானும் தட்டினேன். என் கைகள் தட்டிக்கொண்டிருப்பதை யாரோ ஒருத்தியின் கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் காசல் நகரைத் தாண்டும் முன்னரே நெரிசல். வண்டிகள் நின்றுவிட்டன.

"எப்ப மாத்தினீங்கள்?" என்று கேட்டேன்.

நான் "நீர்" என்று சொல்லாததை அவள் கவனித்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லாஸ்ட் வீக்தான்கா. பாக்ஸ்ல வெச்சுப் பார்த்தேன். மூடல. அப்புறம் அலுமினியம் வாங்கினேன்."

"நான் ஃபோன் எடுத்துக் கேட்டனான்."

"சொல்லணும்னுதான்கா நினைச்சேன்."

"எல்லாம் ஓகே எண்டு சொன்னீங்கள்."

பிறகு அவள் சொன்னதுதான் இன்னும் எனக்குள் நிற்கிறது.

"யோசிச்சுப் பாருங்கக்கா. டீமுக்குப் போனா பேப்பர்ல போட்டோ வரும். உங்க அண்ணன் பார்த்துட்டா என்ன ஆகும்னு நீங்களே எவ்வளவு பயந்தீங்க. அவர் கால், அவர் பட்ட கஷ்டம், எல்லாம் நீங்கதானே சொன்னீங்க. எனக்கு இது ரொம்ப முக்கியம். உங்களுக்கு ஒரு ஹாபிதானே. ஒருவகையில உங்களுக்கும் இது நல்லதுன்னு தோணுச்சு."

மகசினை அவள் மறைத்ததைக்கூட நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். போட்டி, ஆசை, வயது என்று ஏதாவது பெயர் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் என் சமையலறையில் அழுதுகொண்டு சொன்னதை எடுத்து, தன் செயலுக்கு ஒரு நியாயமாக என் முன்னால் வைத்தாள். முன்னால் நின்ற லொறி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். அவளுடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். காரின் பின்பெட்டியைத் திறந்து தன் துப்பாக்கிப் பெட்டியை எடுத்தாள். "ஸாரிக்கா," என்றாள். நான் கதவைப் பூட்டினேன்.

கழகத்தில் எங்களுக்குப் பயிற்சி தருபவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "அசிங்கமான வேலை," என்றார். "ஆனால் எந்த விதியையும் அவள் மீறவில்லை. தன் மகசினுக்கு ஒவ்வொருவரும்தான் பொறுப்பு." அது சரிதான். முறைப்பாடு எழுத ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்குப் போனேன். என் கதையை இன்னொருத்தி வைத்துக்கொண்டு நடக்கும்போது அண்ணைக்கு அது தெரியாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் துவக்குச் சுடுற கழகம் ஒண்டில இருக்கிறன்."

கத்தியை வைத்தார். "என்னத்தைச் சுடுறனீ?"

"கடதாசியும் இரும்புத் தட்டும்."

"வீட்டிலயோ வைச்சிருக்கிறாய்?"

"ஓம். இரும்புப் பெட்டியில பூட்டித்தான்."

"இப்ப ஏன் வந்து சொல்லுறாய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நீட்டிப்பு, பெட்டி, காரில் அவள் சொன்னது. முடிந்ததும் அவர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார்.

"அந்தப் பெட்டைக்கு என்ரை காலைப் பற்றியும் தெரியுமோ?"

"ஓம், அண்ணை."

"நாங்கள் வந்த வழியும்?"

"ஓம்."

"நான் டொக்டருக்கும் முழுக்கச் சொல்லேல்லை," என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "துவக்கைப் பற்றி எனக்கு இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. நீ வளந்தனீ. ஆனால் எங்கட கதையை நீ வெளியில குடுத்திருக்கக் கூடாது."

மீனைப் பொதி செய்து எனக்கும் தந்துவிட்டார். அதன் பிறகு வழக்கம்போல வருகிறார், பிள்ளைகளோடு விளையாடுகிறார். தன் பழைய கதைகளை மட்டும் என் முன்னால் எடுப்பதில்லை.

அவள் அணிக்குப் போனாள். உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வந்தது. கறுப்பு நீட்டிப்பு படத்தில் தெளிவாகத் தெரிந்தது. நான் பயிற்சி நாளை மாற்றிக்கொண்டேன். இருந்தும் ஒருநாள் கழகத்தின் காப்பி மேசையில் எதிர்ப்பட்டுவிட்டோம்.

"இன்னும் கோவமாக்கா?"

"கோவம் இல்லை," என்றேன். "உங்களை நம்ப ஏலாமல் இருக்கு. அவ்வளவுதான்."

அவள் கண் கலங்கியது. அது உண்மையான கண்ணீராக இருக்கலாம். அவளுக்குக் குடிக்க ஏதாவது எடுத்துக் கொடுக்க என் கை பழக்கத்தில் எழும்பியது, நான் அதைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

கோடை முடிவில் ஆஹென் நகரில் வேறு வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அங்கேயும் ஒரு கழகத்தில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி. பண்டிகைகளுக்குக் கைபேசியில் வாழ்த்து அனுப்புகிறாள். நான் வாசிப்பேன், பதில் போடுவதில்லை. வியாழக்கிழமைகளில் பஸ்ஸை விட்டுவிட்டு இப்போதும் சுடப் போகிறேன். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்கிறார்கள். நல்லது என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் காது மூடியைப் போட்டுக்கொள்கிறேன்.