உம்மாவின் நம்பர்

உம்மாவுக்குப் போன் வந்தால் எங்கோ ஒரு மவுத்து என்று அர்த்தம். கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவிலும் சுற்றுவட்டாரத்திலும் இறந்த பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி அனுப்புகிறவர் அவர்தான். ஒரு சதம் வாங்கமாட்டார். போன் அடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அபாயாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தப் போன் கட்டாரில் தம்பி பாவித்தது. அவன் புதிது வாங்கியதும் மனைவிக்குக் கொடுத்தான், அவளும் புதிது வாங்கியதும் அது உம்மாவிடம் வந்தது. எங்கள் வீடுகளில் போன் இப்படித்தான் படிப்படியாக இறங்கும், கடைசிப் படியில் உம்மாமார் நிற்பார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அப்டேட் ஏதும் இருக்கிறதா என்று நானே உள்ளே போய்த் தேடினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை என்று அது பச்சை அடையாளத்தோடு சொன்னது.

ஒரு நாள் மார்க்கப் பயான் வீடியோ என்று வந்த எதையோ உம்மா அழுத்தியிருக்கிறார். அடுத்த நாள் காலை அவருடைய நம்பரிலிருந்து எல்லோருக்கும் படங்கள் போயின. அவை என்ன படங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. பள்ளிவாசல் மௌலவிக்குப் போனது, என் கணவருக்குப் போனது, ஊர்ப் பெண்கள் மவுத்துச் செய்தி அறிவிக்கிற குரூப்புக்கும் போனது. குரூப்பை நடத்துகிறவர் பகலாவதற்குள் உம்மாவை நீக்கிவிட்டு, அந்த நம்பரை எல்லோரும் ப்ளொக் பண்ணுங்கள் என்று குரல் பதிவு போட்டார்.

கண்டியில் போன் திருத்துகிற கடைக்கு ஓடினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு செக்கியூரிட்டி அப்டேட் அனுப்புறத கம்பனிக்காரன் எப்பவோ நிப்பாட்டிட்டான், டீச்சர்."

"எல்லாம் சரின்னு காட்டுதே?"

"கடைசியா அனுப்பினது ஏறியிருக்கு. அதத்தான் சரிங்குது. அதுக்குப் பிறகு அனுப்பவே இல்லன்னு அது சொல்லாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காவலை எடுத்துவிட்டுப் போகிறவன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? பழைய போனை யார் பாவிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? எங்கள் உம்மாமார்தானே பாவிப்பார்கள்!

வேறு போன் வாங்கி அதே சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் நடந்ததை விளக்கினேன். "அட, அவங்களப் பத்தித் தெரியாதா எங்களுக்கு?" என்றார்கள். மன்னித்தார்கள், ஆனால் ப்ளொக்கை எடுக்க மறந்தார்கள். ஊரில் மவுத்துகள் நடந்தன, செய்தி குரூப்போடு நின்றது, உம்மாவைக் கூப்பிட ஆளில்லை. குரூப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கிறேன் என்றால் உம்மா விடமாட்டார். "நம்பி அவங்களா கூப்பிடணும் மகள், கேட்டுப் போற வேலையில்ல இது" என்பார். போன் அலுமாரிக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்தது.

உம்மாவுக்கு ஒரே ஒரு கூட்டாளி. எங்கள் ஊர்க்காரர்தான், கட்டுகஸ்தோட்டையில் மகளோடு இருந்தார்; மகளும் ஊர்க் குரூப்பில் இருந்தாள். யார் முந்திப் போனாலும் மற்றவர்தான் குளிப்பாட்டவேண்டும் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். "எனக்குப் பச்சத் தண்ணிய ஊத்திப்போட வாணாம். கண்டிக் குளிர் உயிரோட இருக்கக்குள்ளயே தாங்க ஏலா" என்பார் அவர். "மவுத்தான பிறகும் உங்களுக்குச் சொகுசு கேக்குது" என்று உம்மா சிரிப்பார். அவருக்கும் அந்தப் படங்கள் போன பிறகு உம்மா வெட்கத்தில் சில நாள் பேசவில்லை. பிறகு அவருக்குப் போன் எடுத்தபோது அழைப்பு போகவே இல்லை. கூட்டாளிக்குக் கோபம்போல என்று நினைத்து விட்டுவிட்டார்.

கூட்டாளி மவுத்தான செய்தியை எனக்குச் சொன்னவர் என்னோடு படிப்பிக்கிற டீச்சர். குரூப்பில் காலையிலேயே வந்துவிட்டதாம். நான் வீட்டுக்கு ஓடி உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பேராதனையிலிருந்து டவுன் வரைக்கும் வாகனங்கள் நகரவில்லை. உம்மா குளிப்பாட்டப் போடுகிற கையுறைப் பொதியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது கபன் உடுத்தி முடிந்திருந்தது. முகம் மட்டும் திறந்திருந்தது.

கூட்டாளியின் மகள் உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். "குரூப்ல போட்டேனே மாமி. பாத்துட்டு வருவீங்கன்னு எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்தோம்! அந்த நேரத்துல போன் எடுக்கத் தோணல்ல. நீங்க வரல்லன்னதும் யாரோ ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தாங்க."

உம்மா அவளுடைய தோளுக்கு மேலாக மையித்தைப் பார்த்தார்.

"தண்ணி காய்ச்சினாங்களா, மகள்?" என்று மட்டும் கேட்டார்.

"நான் உள்ளுக்குப் போகல்ல மாமி. பைப்பைத் திறந்த சத்தம்தான் கேட்டிச்சு."

உம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைக் கூட்டாளியின் கன்னத்தில் வைத்தார். தூக்க வேண்டும் என்று ஆண்கள் வாசலில் வந்து சொல்லும்வரை அதை எடுக்கவில்லை.