கண்ணு டீச்சர் கேட்ட மன்னிப்பு

அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயிற்சி மையத்தின் வரவேற்பு மேசைக்கு நான் வேலைக்குச் சேர்ந்தபோதே எல்லோரும் அவரைக் கண்ணு டீச்சர் என்றுதான் சொன்னார்கள். பெற்றோர் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குத்தான் உண்மை தெரியும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அவர் சொல்வார்: "கண்ணைப் பாரு. இங்க, என் கண்ணைப் பாரு."

எங்கள் மையம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. பேச்சு வராத பிள்ளைகள், ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள், ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். டீச்சருக்கு மூன்றாம் எண் அறை. ஒரு குட்டி மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு டப்பாவில் உடைத்து வைத்த பிஸ்கட். கண்ணைப் பார்த்தால் ஒரு துண்டு. கையை ஆட்டாமல் மடியில் வைத்துக்கொண்டால் ஒரு துண்டு. அவரிடம் விட்டால் ஆறே மாதத்தில் பிள்ளை அடங்கிவிடும் என்று பேர் வாங்கியிருந்தார். அவருக்காக மட்டும் தனியாக ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்திருந்தேன்.

அந்த அறையிலிருந்து அழுகை வரும். வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் காதில் விழாமல் இருக்க நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அப்படிச் செய் என்று யாரும் சொன்னதில்லை, நானாகத்தான் செய்தேன். அதைச் சொல்லாமல் டீச்சரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் கொடுமைக்காரி இல்லை. குரல் உயர்த்த மாட்டார், கை ஓங்கியதே கிடையாது. இந்தப் பிள்ளை நாளைக்கு நாலு பேர் நடுவில் கேலிக்கு ஆளாகக் கூடாது என்று மனதார நினைத்தார். ஆனால் அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. மதியம் சாமான் வைக்கும் அறைக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருப்பார். புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப்பட்டையில் இருக்கும் துணி லேபிளை வெட்டி எறிந்த பிறகுதான் போடுவார். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பு நேரத்தை மாற்றிவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரோடும் பேச மாட்டார். "டீச்சருக்கு மூக்கு மேல கோபம்" என்று நாங்கள் சிரிப்போம்.

அவருடைய நாற்பத்தாறாவது வயதில் அது நடந்தது. பெற்றோர் கூட்டம். அறுபது பேர், மூச்சு முட்டும் கூடம், நடுநடுவே கீச்சிடும் மைக். டீச்சர் எழுந்து பேச ஆரம்பித்தார். நாலாவது வாக்கியத்தில் பேச்சு நின்றுவிட்டது. வாய் திறக்கிறது, வார்த்தை வரவில்லை. இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு எழும்பி, விரல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மூன்றாம் எண் அறையில் பிள்ளைகளிடம் எதை நிறுத்தினாரோ அதே ஆட்டம். நான் ஓடிப்போய் அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டி வந்தேன். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்த அவர் கணவர் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் அழைத்துப் போனார்.

ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு பெண் மருத்துவர் அவருடைய சின்ன வயதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டு, வயது வந்த பெண்களை மட்டும் பார்க்கும் ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். டீச்சருக்கு இருப்பது ஆட்டிசம். அத்தனை வருடம் அதை அடக்கி அடக்கியே உடம்பும் மனமும் ஓய்ந்துபோயிருக்கின்றன என்று சொன்னார்களாம்.

விடுப்பு முடிந்து வந்த டீச்சர் என்னிடம் முதலில் சொன்னது இதுதான். "அந்த ஆலோசகர் ரூம்ல டியூப் லைட்டே இல்ல, தெரியுமா? போனதும் என்ன சொன்னாங்கன்னு நினைக்கிற? 'நாற்காலியிலயும் உக்காரலாம், தரையிலயும் உக்காரலாம், என் முகத்தைப் பாக்கணும்னு இல்ல'ன்னாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. பாக்காம எப்படிங்க பேசுறதுன்னு கேட்டேன். 'நீங்க காதாலதானே கேக்குறீங்க'ன்னு சிரிக்கிறாங்க."

அந்த ஆலோசகர் யாரையும் திருத்துவதில்லை. எந்தச் சத்தம் தாங்கவில்லை, எந்தத் துணி உறுத்துகிறது, எப்போது தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி வீட்டையும் வேலையையும் மாற்றிக்கொள்ளச் சொல்வார். ஒரு வாரம் டீச்சர் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். "நான் திமிர் பிடிச்சவ இல்ல. நான் வேற மாதிரி, அவ்வளவுதான்" என்று என்னிடமே மூன்று முறை சொன்னார்.

நாலாவது சந்திப்பில் ஆலோசகர் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். "சின்ன வயசுல ஆளுங்களைப் பாத்துப் பேச யார் பழக்குனாங்க?"

"எங்கம்மா. தாடையைப் பிடிச்சுத் திருப்புவாங்க. நான் வேணும்னே புருவத்துக்கு நடுவுல பாப்பேன். மூணு எண்ணுவேன், பார்வையை எடுப்பேன், மறுபடி மூணு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். பிறகு, "அதைத்தானே நான் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு மூன்றாம் எண் அறையில் அழுகை கேட்கவில்லை. டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். யாரையும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. நிர்வாகி அம்மா கூப்பிட்டுக் கேட்டார். "என்ன டீச்சர், பெத்தவங்க கேக்குறாங்க. பிள்ளை இப்பவும் கையை ஆட்டுதாமே?"

"ஆட்டட்டும்மா. அவன் கை, அவன் ஆட்டுறான்."

பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு மையத்துக்குப் போனார்கள். டீச்சர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவரை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பழைய பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு பெயரில் விரலை வைத்தார். "இவளை ஞாபகம் இருக்கா? நூலு."

இல்லாமலா? பதினைந்து வருடங்களுக்கு முன்னால் வந்த எட்டு வயதுப் பெண். கவுன் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, நாள் முழுக்க விரலிடுக்கில் உருட்டிக்கொண்டு, மெல்ல முனகிக்கொண்டிருப்பாள். அதனால் நூலு. அந்த நூலை அவள் கையிலிருந்து பிரிக்க டீச்சருக்குப் பதினான்கு மாதம் ஆனது. பிரித்த அன்று முனகலும் நின்றுவிட்டது. அவள் அம்மா இனிப்பு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

"மன்னிப்புக் கேக்கணும்" என்றார் டீச்சர். ஆலோசகரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டாராம்: "கொடுக்கப் போறீங்களா, வாங்கப் போறீங்களா? வாங்கத்தான்னா போகாதீங்க. அந்தப் பொண்ணு உங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்ல."

எனவே கடிதம் எழுதினார். பதிலே வேண்டாம், நான் செய்தது தப்பு என்று நீ தெரிந்துகொண்டால் போதும் என்று அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமே காலியானது. பன்னிரண்டு நாள் கழித்துக் கைபேசியில் செய்தி வந்தது. 'ஞாயிறு பதினோரு மணி. வீட்டுக்கு வாங்க.'

"நீயும் வா. நடுவுல எனக்குப் பேச்சு நின்னுட்டா, நீ சொல்லிடு" என்றார் டீச்சர்.

கதவைத் திறந்தது நூலுவின் அம்மா. எங்களைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சரா! வாங்க வாங்க. உங்களை நினைக்காத நாளில்லை. பொண்ணு மருந்துக் கிடங்குல வேலை பாக்குறா. மருந்துப் பெட்டியில இருக்குற தேதியெல்லாம் சரி பாக்குறது இவதான். எல்லாம் நீங்க போட்ட பிச்சை" என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்குக் கையைத் தொட்டாலே ஆகாது. அன்றைக்கு அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

நூலு எதிரே வந்து உட்கார்ந்தாள். நல்ல உயரம். கைகள் மடியில். டீச்சரை நேராகப் பார்த்தாள், பார்வையை எடுத்தாள், மறுபடி பார்த்தாள். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் டீச்சர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவர் உதட்டில் தெரிந்தது. மூன்று, விடு. மூன்று, விடு.

"என்னைப் பாக்க வேணாம்மா" என்றார் டீச்சர். "பாக்காமயே கேளு."

"நிறுத்த முடியல" என்றாள் நூலு. சத்தமில்லாத, சமமான குரல். "வேலை செய்யுற இடத்துல யார் வந்தாலும் எண்ணுறேன். அவங்க சொல்றது காதுல ஏற மாட்டேங்குது, எண்ணிக்கிட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தா அசதியில சாப்பிட முடியல. ரெண்டு தடவை வேலையை விட்டேன்."

அம்மா குறுக்கே வந்தார். "இவ எப்பவும் இப்படித்தான் டீச்சர், எதையாவது பெருசாக்குவா."

நூலு அம்மா பக்கம் திரும்பவில்லை. "நீங்க எனக்கு எழுதினதை அம்மாகிட்ட சொல்லுங்க. அதுக்குத்தான் வரச் சொன்னேன். நான் சொன்னா, 'டீச்சரை விட உனக்குத் தெரியுமா'ன்னு கேக்குறாங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சு நின்றுவிட்டதோ என்று நான் வாயெடுக்கப் போனேன். ஆனால் அவரே சொன்னார். "நான் உங்க பொண்ணுக்குப் பண்ணினது தப்புங்க. அவளுக்குக் குறைன்னு ஒண்ணும் இல்ல. அந்த நூலு அவளுக்கு ஆறுதல். அதை நான் பிடுங்கினேன். எனக்கும் அவளுக்கு இருக்கிறதுதான் இருக்கு. எனக்கே தெரியாம இருந்தேன்."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல இருந்தார். அப்புறம்தான் கோபம் வந்தது. "இப்ப வந்து சொல்றீங்களே டீச்சர்! வீட்டுலயும் விடாம செய்யுங்கன்னு தாள்ல எழுதிக் குடுத்தது நீங்கதானே? நீங்க சொன்னீங்கன்னுதானே சாப்பிடுறப்ப இவ கையைக் கைக்குட்டையால நாற்காலியோட கட்டி வச்சேன்? ஒரு வருஷம்! அழ அழ ஊட்டினேன். அப்ப அதுவும் தப்பா?"

கட்டி வைத்தது டீச்சருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தாளை அச்சடித்து, ஒவ்வொரு பெற்றோரிடமும் நீட்டிக் கையெழுத்து வாங்கியது நான்.

"தப்புதாங்க" என்றார் டீச்சர். "ஆனா உங்க தப்பு இல்ல, என்னோடது."

"ரெண்டு பேரோடதும்" என்றாள் நூலு.

அந்த வீட்டில் யாரும் அழவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அம்மா எழுந்து உள்ளே போய், குழாயைத் திறந்து, கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். நூலு எங்களோடு வாசல் வரை வந்தாள். "நீங்க சொன்னது நல்லது. ஆனா சரி, பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம்மா."

"நீங்க எந்த ஆலோசகர்கிட்ட போறீங்க?"

டீச்சர் சொன்னார். நூலு அதைக் கைபேசியில் தேடிப் பார்த்தாள். "அங்க சனிக்கிழமை பொண்ணுங்க கூட்டம் நடக்குதாமே? நீங்க அதுக்குப் போறீங்களா?"

"போறேன்."

"நீங்க இருந்தா நான் எண்ணுவேன்."

அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகவில்லை. அந்த நகரத்தில் அவரைப் போன்ற பெண்கள் சேர்ந்து உட்காரும் இடம் அது ஒன்றுதான். அவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். "வருத்தமா இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இருக்கு. இருக்கட்டும்" என்றார்.

பழைய பதிவேட்டிலிருந்து ஒவ்வொருவருக்காகக் கடிதம் எழுதினார். முகவரி மாறிப்போய்ச் சில திரும்பி வந்தன. இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், எதையும் கிளறாதீர்கள் என்று எழுதியிருந்தார். நான் இப்போது டிவியைப் போடுவதில்லை. வேறு எந்த அறையில் அழுகை கேட்டாலும் எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறேன். முன்பே தட்டியிருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியான நேரத்தில் நூலுவின் அம்மா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. மூன்றாம் எண் அறை பக்கம் பார்க்காமல் என் மேசைக்குக் குனிந்து கேட்டார். "அந்த ஆலோசகர் இடம் எங்க இருக்கு? பொண்ணு என்னையும் ஒரு தடவை வரச் சொல்றா." கொஞ்சம் தயங்கினார். "அங்க என்னைத் திட்டுவாங்களா?"

"டீச்சரையே திட்டலைங்க" என்றேன்.

விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "டீச்சர்கிட்ட நான் வந்ததாச் சொல்ல வேணாம்" என்றார். பாதிப் படி இறங்கியவர் திரும்பி மேலே வந்தார். "சரி, சொல்லுங்க. ஆனா நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்னும் சொல்லுங்க."

இரண்டையும் சொன்னேன். டீச்சர் தரையில், ஒரு பையன் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த மரக்கட்டைகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். பையன் அடுத்த கட்டைக்குக் கை நீட்டினான். அவர் அதை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார்.