செருப்பின் மேல் போட்ட பழி

முதலில் வலித்தது வலது கெண்டைக்கால். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடையிலிருந்து டீக்கடைக்கு நடப்பதற்குள் யாரோ கெண்டையைப் பிடித்துப் பிழிவது போல இருக்கும். நின்றால் விட்டுவிடும். நடுத்தெருவில் சும்மா எப்படி நிற்பது என்று ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பேன். அது முடிவதற்குள் வலி போயிருக்கும். அதனால் சிகரெட் பிடித்தால் கால்வலி குறைகிறது என்று நம்பினேன்.

எனக்கு அப்போது நாற்பது கூட ஆகவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது நடந்தால் வலித்து, நின்றால் நிற்கிற கால்வலி இருந்தால், மீதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் கூட்டாளிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அங்கே எடுபடவில்லை.

கூட்டாளிகள் என்றால் இரண்டு பேர். முருகேசன், ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்ட மீனை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். சேவியர், ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். மூன்று பேரும் ஒரே வகுப்பு. சிகரெட்டும் ஒரே நாளில்தான் பழகினோம். சாயங்காலம் டீக்கடையில் கூடினால் பேச்சில் பாதி உடம்பைப் பற்றித்தான் இருக்கும். முருகேசனுக்கு நெஞ்சு கரிக்கும், அது கேஸ் டிரபிள். சேவியருக்கு விடிந்ததும் இருமல். அது சாக்பீஸ் தூசி. அவன் ஆபீசில் உட்காருகிறவன், சாக்பீஸைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். எனக்குக் கால்வலி, அது நரம்புத் தளர்ச்சி. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டே அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்போம்.

விட முடியாதவர்கள் என்று எங்களை யாரும் சொல்லிவிட முடியாது. கார்த்திகை பிறந்தால் நானும் முருகேசனும் சபரிமலைக்கு மாலை போடுவோம். அன்றிலிருந்து மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும் வரை சிகரெட்டைக் கையால் தொடமாட்டோம். சேவியர் தவக்காலம் முழுக்கப் பிடிக்கமாட்டான். ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் பற்றவைப்பான். வருடா வருடம் தவறாமல் விடுகிறவனுக்கு என்ன பயம்? நினைத்தால் நிறுத்திவிடலாம் என்பதற்கு எங்களிடம் சாமி சாட்சியாக அத்தாட்சி இருந்தது.

கால்வலி வந்த முதல் வருடம், மாலை போட்டுக் கொஞ்ச நாளிலேயே வலி குறைந்தது. பாதி வழியில் நிற்காமல் டீக்கடைக்குப் போனேன். மலையே ஏறி இறங்கினேன். ஐயப்பன் கருணை என்று வீட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாலையைக் கழற்றிச் சில வாரத்தில் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

"மாலையக் கழட்டுனதும் வந்துருச்சுப்பா" என்று டீக்கடையில் சொன்னேன்.

முருகேசன் புகையை விட்டுக்கொண்டே யோசித்தான். "மாலை போட்டிருந்தப்ப என்ன செஞ்ச, இப்ப என்ன செய்யிற? மொதல்ல அத யோசி மாப்ள."

எந்த டாக்டரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நாங்கள் மூன்று பேரும் உண்மையாகவே யோசித்தோம். மூன்று பேர் கையிலும் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப வெறுங்கால்ல நடந்தான், இப்பச் செருப்புப் போடுறான்" என்றான் சேவியர். "செருப்புதாண்டா ஒனக்கு ஆவல."

அப்படியா இருக்கும் என்று ஒருவன் கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே செருப்பை மாற்றினேன். மெத்தென்று ஒன்று, முள்முள்ளாகப் பாதத்தைக் குத்துகிற ஒன்று, சர்க்கரை நோயாளிகள் போடுகிற ஒன்று என்று வீட்டு வாசல் செருப்புக்கடை மாதிரி ஆகிவிட்டது. வலி எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் வருடம் முழுக்கவே வெறுங்காலில் நடப்பது என்று முடிவு செய்தேன். வருகிற வாடிக்கையாளர்கள் ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து மரியாதையாகப் பேசினார்கள்.

என் மனைவி சாந்திக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மலைக்குப் போயிட்டு வந்தாச்சுல்ல, இன்னும் என்ன வெறுங்காலு? மனுசரப் போல செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க" என்பாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. அடுத்த கார்த்திகையில், பாதம் சில்லென்று இருக்கிறதே என்று ஒருவரைப் போய்ப் பார்த்தேன். என் கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கருப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம்.

"சிகரெட் பழக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

அவர் என் கழுத்தைப் பார்த்தார், தலையாட்டிக்கொண்டார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. மாலை போட்டவனுக்கு அந்தப் பழக்கம் ஏது? சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அந்த வருடமும் மலை ஏறினேன், வந்து மாலையைக் கழற்றினேன், டீக்கடைக்குப் போனேன்.

அந்தக் கோடையில், ஒரு விவசாயி வீட்டில் மோட்டாரைக் கழற்றப் போன இடத்தில் வலது கட்டைவிரலில் கருவேல முள் ஏறியது. வெறுங்கால்தானே. முள்ளை எடுத்துவிட்டேன், புண் ஆறவில்லை. விரல் நுனி சிவந்தது, பிறகு ஊதா நிறமானது. படுத்தால் வலியில் உயிர் போனது. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலை. சாந்தி தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"சுகர் பாத்தியா?" என்றான் முருகேசன். பார்த்தேன், சர்க்கரை இல்லை. சுகர் இல்லையென்றால் பயமே இல்லை என்று சேவியர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நானும் சந்தோஷமாகக் குடித்தேன். அடுத்த வாரம் நகத்தைச் சுற்றிக் கருத்துவிட்டது.

புதுக்கோட்டையில் காட்டினோம். அங்கே காலைத் தொட்டதுமே மதுரைக்கு ரத்தக்குழாய் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரி நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கால் முழுசாக இல்லை. நாம் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. கணுக்காலுக்குப் பின்னாலும் பாதத்தின் மேலும் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?"

பிடிப்பீர்களா என்று கேட்கவில்லை. அப்போது கழுத்தில் மாலையும் இல்லை. எனக்கு முந்திக்கொண்டு சாந்தி சொன்னாள்: "வருஷா வருஷம் நிறுத்திருவாருங்க டாக்டர்."

"வருஷா வருஷம் ஆரம்பிக்கவும் செய்யிறாருல்லம்மா" என்றார் அவர்.

டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். பர்ஜர் நோய் (புகையிலையால் கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வது) என்றார்கள். விரலில் வந்திருப்பது கேங்கிரீன் (ரத்தம் போகாமல் தசை செத்துக் கருப்பது). தினமும் விவசாயிகளிடம் நான் சொல்கிற வார்த்தைதான்: மோட்டாரில் கோளாறு இல்லை, கரண்ட் வந்து சேரவில்லை. என் கால் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

செருப்புக் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "செருப்பு ஒண்ணும் பண்ணலைங்க. மாலை போட்டிருந்தப்ப சிகரெட் பிடிக்கல, அதனால வலி குறைஞ்சுச்சு. செருப்புப் போட்டிருந்தா அந்த முள்ளும் ஏறியிருக்காது."

குற்றவாளியைக் கையில் வைத்துக்கொண்டு, காவலுக்கு இருந்ததைத் துரத்தியிருக்கிறேன்.

"விரலை எடுத்துத்தான் ஆகணும்" என்றார். "பாதத்தைக் காப்பாத்துறது பாதி எங்க கையில, பாதி உங்க கையில. இனிமே ஒரு சிகரெட் கூடக் கிடையாது. ஒண்ணு பிடிச்சாலும் நோய் மேல ஏறும். அப்புறம் முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். ஆம்புடேஷன் (உறுப்பை வெட்டி நீக்குவது) என்ற சொல்லை அங்கே எல்லோரும் காய்ச்சல் என்பது போல சாதாரணமாகச் சொன்னார்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் வேண்டியிருந்தது தண்ணீர் இல்லை, சிகரெட். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன், உங்களுக்கும் அப்படித் தோன்றினால் நீங்கள் மட்டும் கெட்டவர் இல்லை என்று தெரிய வேண்டும்.

முருகேசனும் சேவியரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். உள்ளே வருவதற்கு முன் ஆளுக்கு ஒன்று பிடித்துவிட்டு வந்திருந்தார்கள். சட்டையில் வாசனை வீசியது, என் வாயில் எச்சில் ஊறியது.

"எங்க பெரியப்பா சாகுற வரைக்கும் பீடி குடிச்சாரு, ஒரு நகங்கூடப் போகல" என்றான் முருகேசன். "ஒனக்கு நேரம் சரியில்ல மாப்ள."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவர்கள் போகும் வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பேரையும் அன்றைக்கு வெறுத்தேன். இன்றும் அந்த வெறுப்பு முழுதாகப் போய்விடவில்லை.

சிகரெட்டை விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. மாலை போட்டால் கழற்றுகிற நாள் ஒன்று இருக்கும். காலண்டரைப் பார்த்து நாளைத் தள்ளிவிடலாம். இத்தனை வருடமும் நாங்கள் சிகரெட்டை ஒத்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். இந்த முறை காலண்டரில் அந்த நாளே இல்லை. சாப்பிட்ட பிறகு கையை என்ன செய்வது என்று தெரியாது. சாந்தி ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். அவள் கடலை மிட்டாய் டப்பாவைக் கடையிலும் வீட்டிலும் கொண்டுவந்து வைத்தாள், திட்டிக்கொண்டே தின்றேன்.

டீக்கடையை விட்டு மட்டும் விலகவில்லை. பழகிய ஆட்கள், வேறு எங்கே போவது? காற்று வருகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் முருகேசன் லாரியை அங்கிட்டு நிறுத்திவிட்டு நடந்து வரும்போது பாதியில் நின்றான். குனிந்து கெண்டையைத் தேய்த்தான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"எத்தன நாளா இப்புடி இருக்கு?" என்றேன்.

"கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இந்தக் காலு பிடிச்சுக்கிருதுப்பா."

"காலக் காட்டு. நாடி இருக்கான்னு பாக்குறேன்." கணுக்காலில் தொட்டுப் பார்க்க மதுரை டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். குனிந்து கையை நீட்டினேன். அவன் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

"டேய், நாலு பேரு பாக்குறாய்ங்க. காலத் தொட்டுக்கிட்டு."

சிகரெட்தான் காரணம் என்று சொன்னேன். என் பாதத்தைப் பெஞ்சில் தூக்கி வைத்துக் காட்டினேன். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கார்த்திகை வரட்டும், நிறுத்திருவோம்" என்றான். சேவியர் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

கார்த்திகை பிறந்தது. இந்த வருடம் எனக்கு மாலை கிடையாது; வெறுங்காலில் தரையை மிதிக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. முருகேசன் மாலை போட்டுக்கொண்டு சில வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். மாலை போட்டவரிடம் "டா" கிடையாது. எத்தனை வருடப் பழக்கமானாலும் அந்த மாதம் "சாமி"தான், "ங்க"தான்.

"வாங்க சாமி" என்றேன்.

"காலு இப்பத் தேவல சாமி. வெறுங்கால்ல நடக்க நடக்கச் சரியாயிருச்சு. ஒங்களுக்குத்தான் ஒத்துக்கல."

சாமியின் காலில் யார் வேண்டுமானாலும் விழலாம். அவர் காலை இழுத்துக்கொள்ள முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன், கட்டைவிரல் இல்லாத காலோடு நிதானம் கிடைப்பது கஷ்டம். அவன் என் தலையில் கையை வைத்து "சாமி சரணம்" என்றான். என் விரல்கள் அவன் கணுக்காலுக்குப் பின்னால் போயின. வலது காலில் துடித்தது. இடது காலில் தேடினேன். அழுத்திப் பார்த்தேன், விரலைத் தளர்த்திப் பார்த்தேன், பாதத்தின் மேலே வைத்துப் பார்த்தேன். நான் ரொம்ப நேரம் வேண்டிக்கொள்வதாக நினைத்து அவன் அசையாமல் நின்றான்.

"எடது கால்ல துடிப்பு இல்ல சாமி. மதுரைக்கு வாங்க, நானும் வாரேன்."

"மாலையோட ஆஸ்பத்திரி வேணாம் சாமி. மலைக்குப் போயிட்டு வந்து பாப்போம்."

"அப்ப மாலையக் கழட்டாதடா" என்றேன். வாயில் "டா" வந்துவிட்டது.

அவன் சிரித்தான். "கழட்டாம இருக்க முடியுமா சாமி? அதுக்குன்னு ஒரு நாள் இருக்குல்ல."

எனக்கு அந்த நாள் இல்லை. விடிந்ததும் என் இடது கணுக்காலைத் தொட்டுப் பார்க்கிறேன். துடித்தால் எழுந்து பல் துலக்கப் போகிறேன். இல்லாமல் போன வலது கட்டைவிரல் சில நேரம் அரிக்கிறது, சொறிய அங்கே ஒன்றும் இல்லை. செருப்பைப் போடாமல் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

அன்றைக்கு முருகேசன் கடையிலிருந்து இறங்கி வெயிலில் தெருவைத் தாண்டிப் போனான். வழியில் எங்கேயும் நிற்கவில்லை, கெண்டையைத் தேய்க்கவில்லை. மாலை கழுத்தில் இருக்கிற வரைக்கும் அவன் நன்றாகத்தான் நடப்பான்.