அண்ணன் பெயரில் வந்த நாய்ப்பூச்சி முட்டை

போன வாரம் என் சின்ன மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து 'ஆ' என்று காட்டினாள். மாம்பழ எசன்ஸும் சாக்பீஸும் கலந்த ஒரு வாசனை. "பூச்சி மாத்திரம்மா. எல்லாருக்கும் குடுத்தாங்க. சப்பித் திங்கலாம், செம டேஸ்ட்டு. இன்னொண்ணு கேட்டேன், மிஸ் திட்டிட்டாங்க" என்றாள். நான் சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்த முடியவில்லை. அவள் பயந்துபோய் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் இருந்தால் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள்.

எங்கள் காலத்துப் பூச்சி மருந்துக்கு ஏது மாம்பழ வாசனை! விளக்கெண்ணெய்தான். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு என்ன வந்தாலும் பழி பூச்சி மேல்தான் விழும். தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி. சோறு வேண்டாம் என்றால் பூச்சி. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்றால் அதுவும் பூச்சி. கணக்குப் பரீட்சையில் என் அண்ணன் குமரேசன் தோற்றதற்குக்கூட அம்மா கொஞ்ச நாள் நாக்குப்பூச்சியைத்தான் சந்தேகப்பட்டாள். பாவம், அந்தப் பூச்சிக்குக் கணக்கு வருமா வராதா என்று யாரும் கேட்கவில்லை.

இப்படி மிரட்டப்பட்டே வளர்ந்த எனக்கு, அதை நேருக்கு நேர் பார்க்கும் பாக்கியம் இருபத்தோரு வயதில் கிடைத்தது. பரிசோதனைக்கூடப் படிப்பு முடித்துவிட்டு, பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்பிரிட், அயோடின், எதிர் பேக்கரியின் சூடான நீட்டு ரொட்டி, மூன்றும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் புது ரொட்டியை முகர்ந்தால் எனக்கு அயோடின் ஞாபகம்தான் வரும், என்ன செய்ய!

லேபை நடத்திய டாக்டர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுப் பிள்ளை. ஊரில் சொல்தா வீடு என்பார்களே, அது. என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் பிரெஞ்சில் 'மத்மஸேல்'தான், நம் 'குமாரி' மாதிரி. மேசை மேல் ஒரு கண்ணாடி ஜாடியில் ஒரு சாண் நீள நாக்குப்பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு மிதக்கும். மனுஷன் அதற்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டிக்கு ஜாம் தடவுவார்.

அந்த நாளில் மலப் பரிசோதனைக்கு என்று தனி டப்பா கிடையாது. தீப்பெட்டியில் வரும், பிலிம் ரோல் டப்பாவில் வரும், பவுடர் டப்பா மூடியில் வரும். "ஒரு வேர்க்கடலை அளவு போதும்" என்று படித்துப் படித்துச் சொல்லியும் ஒருவர் பூஸ்ட் பாட்டிலில் கழுத்து வரை கொண்டுவந்து, "பத்தலைன்னா சொல்லும்மா" என்றார். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு அம்மாள் மகன் வாந்தியில் பூச்சி வந்ததென்று அலறிக்கொண்டு வந்தார். அதைத் தட்டில் போட்டுப் பார்த்தால் சேமியா. "அட ஆமா, நேத்து பாயசம் வச்சேன்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே மீதிப் பாயசத்தையும் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குடித்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வேலை பார்த்த மில்லைச் சாத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் காலையில் குளித்து, சட்டை போட்டு, எங்கும் போகாமல் ஒரே பேப்பரை மாலை வரை படித்துக்கொண்டிருப்பார். அப்போதுதான் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல்கட்டு வேலைக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் வயிற்றில் பூச்சி இல்லை என்று ஃபிட்னெஸ் சீட்டு வேண்டும். அந்த ஓட்டலில் எங்கள் டாக்டர் கையெழுத்துதான் செல்லும். டாக்டரின் மைக்ராஸ்கோப்பிலோ முதலில் கண் வைக்கிற ஆள் நான்.

வியாழக்கிழமை காலை அண்ணன் பேப்பரில் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான். மறுநாள்தான் அதை எடுத்தேன். துளி எடுத்து, அயோடின் விட்டு, கண்ணாடிச் சில்லால் மூடி, குனிந்து பார்த்தேன். திக்கென்றது. முட்டைகள், அதுவும் கும்பல் கும்பலாக.

அண்ணனுக்கு வேலை போச்சே என்று நினைத்தேன். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்ததும் வேறு ஒரு சந்தேகம் வந்தது. மனுஷ வயிற்று நாக்குப்பூச்சி முட்டையை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஜீரக மிட்டாய் மாதிரி நீள்வட்டமாக, மேலெல்லாம் கரடுமுரடாக இருக்கும். இது உருண்டையாக, கறுப்பாக, பக்கத்துத் தையல்கடை பாய் விரலில் மாட்டுகிற தொப்பி மாதிரி குழி குழியாக இருந்தது. படிக்கும்போது ஒரு மாதம் கால்நடை ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். அங்கே இதைப் பார்த்திருக்கிறேன். நாய்க்குட்டிகளிடம்.

எங்கள் வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. காலாப்பட்டு மீனவர் குப்பத்திலிருந்து அண்ணன் தூக்கிவந்து மணி என்று பெயர் வைத்திருந்தான். அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சில்லைத் துடைத்துப் போட்டுவிட்டு 'பூச்சி இல்லை' என்று எழுதிவிடலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது, பொய் சொல்வானேன். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். பார்த்தார். சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"ஓ லா லா! மத்மஸேல், உங்க அண்ணன் குரைப்பாரா?"

"இல்ல டாக்டர்."

"வால் எதுனா?"

"இல்ல டாக்டர்."

"அப்போ இது அவரோடது இல்ல. இந்தப் பூச்சி மனுஷன் வயித்துல முட்டை போடாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள அவரோட சொந்தச் சரக்கு வரணும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போனவர், கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு எதிர் பேக்கரிவரை கேட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அண்ணன் கிணற்றடியில் மணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறான். "ஏன்டா அண்ணா, உன் வயித்துக்குள்ள நாய்ப்பூச்சி எப்பிடிடா போச்சி?" என்றேன். சோப்பு கையிலிருந்து நழுவியது.

"கத்தாத பாப்பா. நீ கண்ணாடி வச்சி உத்துப் பாப்பியே! கூடப் பொறந்தவ பாக்கற பொருளா அது? நாளைக்கு எனக்கு சோறு போடும்போது உனக்கு இன்னா ஞாபகம் வரும்?"

"அதுக்கு? நாயோடத குடுப்பியா? மாட்டோடத குடுத்திருந்தாலாவது சாணின்னு தூக்கிப் போட்டிருப்பேன்."

"அது பாட்டில்ல அடங்காதுடி" என்றான், ரொம்பச் சீரியஸாக.

அம்மா துடைப்பத்தோடு வந்தாள், கேட்டாள், அப்படியே கல் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "வேலை போயிட்டா என்னாடா பண்றது?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அண்ணன் உண்மையான சரக்கைத் தருவான், நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன், டாக்டர் மட்டும்தான் பார்ப்பார். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினான்.

ஆனால் பயம் வந்தால் சிலருக்கு எல்லாம் இறங்கும், என் அண்ணனுக்கு எல்லாம் ஏறிக்கொண்டது. சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஆறு பூவன்பழம், ஒரு செம்பு வெந்நீர், இரண்டு டம்ளர் காப்பி. ஊஹும். தெருவில் நாலு தடவை ஓடிவிட்டு வந்தான். பீடியே தொடாத பிள்ளைக்கு அப்பா தன் பீடியை நீட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எட்டரைக்கு நான் லேபுக்குக் கிளம்பும்போது அம்மா கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தாள்.

பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. எனக்கு வேலை ஓடவில்லை. பதினொன்றே முக்காலுக்கு வாசலில் சைக்கிள் மணி. அப்பா! எட்டு மாதமாகத் தெருமுனை தாண்டாதவர், சலவைச் சட்டை போட்டு, கருவடிக்குப்பத்திலிருந்து வெயிலில் மிதித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் சரிகைக் காகிதம் சுற்றிய ஒரு ஸ்வீட் பெட்டி. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, சீர்வரிசை கொண்டுவருகிற சம்பந்தி மாதிரி படியேறினார். "வந்துடுச்சிம்மா" என்றார் மூச்சு வாங்க.

சொன்ன சொல் தவறாமல் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். டாக்டர் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா சட்டைப் பித்தானைத் திருகுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

"ஒண்ணுமே இல்ல! சுத்தம்!" என்று டாக்டர் கத்தினார். "இதுக்கா இந்தப் பாடு? நேத்தே குடுத்திருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்!"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். டாக்டர் பதறிப்போய் அவர் கையில் பாதி ரொட்டியைக் கொடுத்தார். புழு ஜாடிக்கு எதிரிலேயே அப்பா அதைச் சாப்பிட்டார். மணிக்கும் ஒரு மருந்துச் சீட்டு கிடைத்தது. பெயர் மணி, தொழில் பரிசோதனைக்கு உதவுதல் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குப் போனான். என் முகத்தை நேராகப் பார்த்து அவன் பேச மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டான். நானும் விடுவேனா, குழம்பு ஊற்றும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்ப்பேன்!

அந்த ஓட்டல் வழியாகவே அவன் பிரான்ஸ் போய்விட்டான், அங்கேயே குடும்பமாகிவிட்டான். அப்பா இல்லை, அம்மா இல்லை, மணியும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். கிணற்றோடு வீட்டையும் விற்றுவிட்டோம். லேப் இருந்த இடத்தில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்து காப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். நான் மலம் பார்த்த மூலையில் ஜோடிகள் உட்கார்ந்து கேக்கைப் படம் எடுக்கிறார்கள். நானும் இப்போது வேலை பார்க்கிற இடத்தில் நாக்குப்பூச்சி முட்டையைக் கண்ணால் கண்டு நாளாகிவிட்டது.

மகள் மாத்திரை தின்ற கதையைச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். அங்கே ஐம்பது வயது தாண்டினால் வீட்டுக்கே ஒரு பரிசோதனைப் பொட்டலம் வருமாம், நாமே எடுத்து உறையில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். எடுத்தது எப்படி, எந்தப் பக்கம் குச்சியைப் பிடித்தான், நிறம் என்ன, பதம் என்ன, ஒன்று விடாமல் சொன்னான். பொட்டலத்தின் படத்தையும் காட்டினான். நல்லவேளை, வெறும் பொட்டலம்தான்.

"ஏன்டா அண்ணா, எங்கிட்ட சொல்ல உனக்கு இப்ப கூச்சமாவே இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"உங்கிட்ட இன்னா கூச்சம்? நீ எங்கியோ இருக்க, நான் எங்கியோ இருக்கேன். நீயா எனக்கு சோறு போடப் போற?" என்றான்.

அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். போனை வைத்த பிறகு தட்டைப் பார்த்தேன். பிசைந்த சோறு பிசைந்தபடியே ஆறிப்போயிருந்தது.