டாப் அறுத்த வண்டி

அந்தக் காரின் டாப்பை அறுத்தது என் வீட்டுக்காரர். அறுக்கச் சொன்னது திருவிடந்தையில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதலாளி. அறுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது நான். மூன்று பேரில் யார் மேல் எனக்குக் கோபம் அதிகம் என்று கேட்டால், கேட்கிற நாளைப் பொறுத்துப் பதில் மாறும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு ஷெட் இருந்தது. அவர் வண்டியின் தகரத்தைத் தட்டிச் சரிசெய்யும் டிங்கர் வேலை பார்ப்பார். நான் சீட் தைப்பேன். பெரும்பாலும் வேன், லாரி. எப்போதாவது ஒரு டாக்டர் வீட்டுக் கார். வண்டிக்கு சீட் தைக்கும் பொம்பளையைப் பார்ப்பதற்கென்றே சில டிரைவர்கள் டீ கிளாசோடு வந்து நிற்பார்கள். நான் தலையை நிமிர்த்த மாட்டேன்.

முதலாளி ஒருநாள் வந்து, "அச்சரப்பாக்கத்துல ஒரு அமெரிக்கா வண்டி இருக்கு. நம்ம நாட்டுலயே அந்த மாதிரி ரெண்டோ மூணோதான் இருக்கும். அந்தம்மா யாருக்கும் தரமாட்டேங்குது. நீங்க புருஷன் பொண்டாட்டியா போய்ப் பேசிப் பாருங்க" என்றார்.

"வாங்கி இன்னா பண்ணப் போறீங்க சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"அப்படியே பழைய மாதிரி ஆக்கி ஓட்டல் வாசல்ல நிறுத்தணும்மா. வேற இன்னா பண்ணுவாங்க?"

புருஷன் பொண்டாட்டியாகப் போகச் சொன்னது எதற்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பது வயதிருக்காது. அவருடைய மாமனார் ரைஸ் மில் வைத்திருந்த காலத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கார் அது. டீச்சரின் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, ரோடு வரை ஓட்டி வருவாராம். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. டீச்சர் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினார். பானெட் மட்டுமே எங்கள் வீட்டுக் கட்டில் நீளம். பின்சீட்டில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். கால் வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு திண்டு, ஜன்னலுக்குப் பட்டுத் திரை, புத்தகம் படிக்க ஒரு குட்டி விளக்கு. துணியை எலி தின்றிருந்தது, ஆனால் தகரத்தில் ஒரு ஓட்டை இல்லை.

டீச்சர் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "முன்னாடி வந்த ஒருத்தர் டாப்பை எடுத்துட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுவேன்னார். வெளியே போங்கன்னு சொல்லிட்டேன். உங்க முதலாளியும் அப்படிச் செய்வாரா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "என் கையால தைக்கப் போறேன் டீச்சர். அறுக்க வுட மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சாவியைக் கொடுத்தார்.

எட்டு மாதம் வேலை நடந்தது. பழைய சீட்டைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டேன். உள்ளே குதிரை முடி அடைத்திருந்தார்கள். அதே சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி தேடிச் சென்னையில் நான் ஏறாத கடை இல்லை. சீட்டைக்கூடத் தைத்துவிடலாம், டாப்பின் உள்பக்கத் துணிதான் உயிரை வாங்கியது. மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு, ஒரு சுருக்கம் விழாமல் இழுத்து அடிக்க வேண்டும். மூன்று தடவை கழற்றி மாட்டினேன். நாலாவது தடவை விரலால் தட்டினால் மேளத்தோல் மாதிரி நின்றது. என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "சூப்பரா கீதுடி" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

அடுத்த வாரம் மகளின் சாதிச் சான்றிதழுக்காகச் செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். திரும்பி வர மத்தியானம் மூன்று ஆகிவிட்டது. ஷெட் சுவரில் டாப் சாய்ந்து நின்றது. நான் அடித்த துணி அதில் அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் இரும்புத் தூள். காரின் நான்கு பக்கமும் அறுத்த கம்பங்கள் முளை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஆக்ஸா பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"காலைல முதலாளி வந்தாரு. மாப்ளயும் பொண்ணும் நின்னுகினு வர்ற மாதிரி வேணுமாம். ஃபோட்டோவுல தெரியணுமாம்."

"நான் அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்தது உனக்குத் தெரியாதா?"

"வண்டி அவரோடது. நம்ம வூட்டு வண்டியா இது? நீ இருந்திருந்தா நிறுத்தியிருப்பேன்."

"நான் இல்லாத நேரம் பாத்துதானே அறுத்தே!"

அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். காலையில் பஸ் ஸ்டாண்டு வரை என்னைச் சைக்கிளில் கொண்டு விட்டவர் அவர்தான். வழியில் வாயைத் திறக்காமல் வந்தாரே, அதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. முதலாளி வரப்போவது அவருக்கு முந்தின நாளே தெரியும். என் கையிலிருந்த துணிப்பையை அவர் மேல் வீசினேன். பெட்டிக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

மறுநாளே அச்சரப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து, கைகூடக் கழுவாமல் நின்றார். விரலில் சாக்பீஸ் தூள். நடந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவர் அழவில்லை. "எதுக்கு இதை வந்து சொல்றே?" என்றார்.

"மனசு கேக்கல டீச்சர்."

"உன் மனசு கேக்கலைன்னு பஸ் ஏறி வந்துட்டே. சொல்லிட்டே, இனிமே நீ தூங்குவே. நான் இன்னா பண்றது? அது எங்கயோ முழுசா நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டாவது இருந்திருப்பேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "போயிட்டு வா" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று என் மேலேயே வந்தது.

அதற்கப்புறம் அந்த வண்டியில் நான் ஊசி வைக்கவில்லை. மீதி சீட்டை வேறொருவர் சிவப்பு ரெக்ஸினில் தைத்தார். பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு வேன் இன்ஜின் போட்டார்கள். தங்க நிறப் பெயின்ட் அடித்தார்கள். டாப் போனதும் வண்டியின் உடம்பே தளர்ந்து, நடுவில் இறங்கி, கதவுகள் மூட மறுத்தன. முதலாளி கதவுகளை வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னார். அதையும் செய்தது என் வீட்டுக்காரர்தான். முதல் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு பெண்ணை நாலு பேர் தூக்கித்தான் உள்ளே இறக்கினார்களாம். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். அந்த வருடமே செங்கல்பட்டில் தனியாக ஒரு தையல் கடை போட்டேன். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வேலையை மட்டும் பிரித்துக்கொண்டேன்.

ஆறேழு வருடம் கழித்து, தோட்டத்து நாற்காலிகளுக்கு மெத்தை தைக்க வேண்டும் என்று அந்த ஓட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். போகக்கூடாது என்று நினைத்தேன். போனேன். பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

கடலைப் பார்த்த புல்தரையில் கார் நின்றது. சக்கரங்கள் இல்லை, செங்கல் மேல் உட்கார வைத்திருந்தார்கள். உப்புக்காற்றில் தங்கப் பெயின்ட் பொரிந்து உதிர்ந்திருந்தது. பானெட்டைக் கழற்றிவிட்டு, இன்ஜின் இருந்த பள்ளத்தில் ஐஸ் கொட்டி, மேலே இறாலும் நண்டும் அடுக்கியிருந்தார்கள். பின்சீட்டு இருந்த இடத்தில் தோசைக்கல். புழுக்கத்தில் மாஸ்டர் வியர்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளி பெருமையாகப் பக்கத்தில் வந்தார். "எப்படிம்மா நம்ம ஐடியா? வர்றவங்க எல்லாம் இதுக்கு முன்னாடி நின்னுதான் ஃபோட்டோ எடுக்கிறாங்க."

"இதைக் குடுத்த டீச்சர் உயிரோடதான் கீறாங்க சார். ஒருநாள் இட்டுகினு வந்து காட்டட்டுமா?"

கிண்டல் அவருக்கு ஏறவே இல்லை. "தாராளமா கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு சாப்பாடு ஃப்ரீ" என்றார்.

அளவு எடுக்கும் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். "வேற ஆளப் பாத்துக்குங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

ஈ.சி.ஆரில் பஸ் வர நேரமானது. நிற்க நிற்க, முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒவ்வொன்றாக வந்தது. அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, அன்றைக்கே சந்தேகப்படாத என் புத்திக்கு. எல்லாவற்றையும் அங்கேயே, வெறும் ரோட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.